காரவள்ளி என்று எழுதிய ஒயர்

போன வாரம் தயிர்சாதத்தில் பாதி தின்றுகொண்டிருந்தபோது ஒரு போன். பேசியவர் யாரோ புது எலக்ட்ரீஷியன். மலைமேல் வாழவந்தி நாட்டில், ராசம்மாவின் சாமை மில்லில் நின்றுகொண்டு பேசுகிறாராம்.

"ஏனுங்க, இந்தப் பொட்டிக்கு நீங்கதான் ஒயரிங் பண்ணுனீங்களாமா? இதுல சேந்தமங்கலம், காரவள்ளின்னு எழுதியிருக்குதுங்க. கரண்டு அங்கிருந்தா வருது?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதுவுமே சரியாக உறைப்பதில்லை, ஊறுகாய் உட்பட. ஆனால் அந்தப் பெட்டியின் வாசனை மட்டும் மூக்குக்கு வந்துவிட்டது. கிரீஸும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை.

சேந்தமங்கலத்தில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த காலம். மூடிப்போன ஒரு நூற்பாலையின் சாமான்கள் எடைக்கு வந்தபோது அது கிடைத்தது. வீட்டுக் கரண்டை வாங்கி மூணு பேஸ் மோட்டாரை ஓட்டும் பெட்டி. மலையில் என் சிநேகிதன் பழனிக்கு, அதாவது ராசம்மாவின் புருஷனுக்கு, அதுதான் தேவைப்பட்டது. அவனுக்கு போர்வெல் வண்டியில் வேலை. ஏறினால் வடக்கே எங்கோ மாதக்கணக்கில் பூமியைக் குடைந்துகொண்டிருப்பான். சாமைக்குத் தோல் நீக்கும் மெஷின் ஓடினால் வீட்டோடு இருக்கலாம், ஓடாவிட்டால் மறுபடி வண்டி. அவ்வளவுதான் விஷயம்.

பெட்டிக்குள் ஒயரெல்லாம் ஒரே கறுப்பு. எது எதற்கு என்ற எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது, படமோ புத்தகமோ கிடையாது. எனக்கு இதெல்லாம் அத்துபடி என்று பழனி நம்பினான். நானும் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். மீட்டரை வைத்துப் பொதுமுனையைக் கண்டுபிடித்ததோடு என் வித்தை முடிந்தது. மீதி ஒயர்களை ஒவ்வொன்றாக அதோடு தொட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

"நம்பர் போட்டுக்கலாம்டா" என்றேன்.

"நம்பரு மறந்துரும்ப்பா. பஸ் ஸ்டாப்பு மறக்குமா?" என்று பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி எழுதினான். கரண்டு ஏறும் அந்தப் பொதுமுனை சேந்தமங்கலம். அப்புறம் காரவள்ளி, சோளக்காடு, செம்மேடு. மலை ஏறும் அந்த வளைவுகளில் வாந்தி எடுத்தபடியே மனப்பாடமான வரிசை, எனக்கும் மறக்காது.

காரவள்ளியைத் தொட்டோம். மோட்டார் அசையவில்லை. எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, செத்த பெட்டி என்று முடிவு கட்டினேன். ராசம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். அவனுடைய துணிப்பை கட்டியபடி வாசலில் இருந்தது.

அப்போது வண்டி முதலாளியின் போன் வந்தது. பழனி கையிலிருந்த பொதுமுனைக் கிளிப்பைப் பேர் வைக்காத கடைசி ஒயரிலேயே விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தான். "நாளைக்கு வண்டி கெளம்புது, வாரியா இல்லியா?" என்றது எனக்கே கேட்டது. என் கை சும்மா இருக்காது. மறுபடி சோளக்காட்டைத் தொட்டேன். மோட்டார் சுற்றியது!

அந்தக் கடைசி ஒயர் நிறுத்தும் பொத்தானுக்கானது. அது சேர்ந்திருந்தால்தான் மற்றது வேலை செய்யும், பிரிந்தால் எல்லாம் நின்றுவிடும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பழனி மோட்டாரையே பார்த்தபடி, "வல்லீங்கண்ணா" என்று போனை வைத்தான். ராசம்மா பையை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒயருக்கு அவன் எழுதிய பேர் 'ஊடு'. வீட்டை அவன் அப்படித்தான் சொல்வான்.

அதன் பிறகு அவன் வண்டி ஏறவே இல்லை. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். போனேன், மண் போட்டேன், பஸ் ஏறி வந்தேன். அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை.

எலக்ட்ரீஷியனுக்கு எல்லா நிறுத்தங்களையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புதுசே போட்டுர்லாமுங்க. எல்லாம் அச்சடிச்சே வருது" என்றார். நியாயம்தான்.

நேற்று ராசம்மா கூப்பிட்டாள். "புதுப் பொட்டி நல்லா ஓடுதுங்கண்ணா. சத்தமே இல்லீங்க." என்றவள் தொடர்ந்தாள். "அந்த ஊடுன்னு எழுதுனத மட்டும் வெட்டிக் குடுங்கன்னு கேக்க ஓடியாந்தனுங்க. அதுக்குள்ள பழசை மூட்டை கட்டிக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. உங்ககிட்ட அவரு எழுதுனது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தேடிப் பார்க்கிறேன் அம்மிணி என்றேன். தேடினேன். பழனி கையால் எழுதியது என்னிடமும் ஒன்றும் இல்லை.