இரண்டு கட்டை கீழே

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், சிட்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிடுவான். அந்த வீட்டிலேயே குரல் நன்றாகக் கேட்கும் இடம் அதுதான். போனை சோப்புத் தட்டில் சாய்த்து வைப்பான். வழுக்கும். நிமிர்த்துவான். மறுபடி வழுக்கும். கடைசியில் ஒரு குவளையை முட்டுக் கொடுத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, அவன் பாடும் குழுவின் கீபோர்டுக்காரர் அனுப்பி வைத்த பின்னணி இசையை ஓடவிட்டு, இரண்டே இரண்டு வரி பாடுவான். வாரா வாரம் அதே வரிகள். இரண்டாவது வரியின் முடிவில் ஓர் உச்சம் வரும். அதைத் தொட்டுவிட்டு போனைப் பார்த்துச் சிரிப்பான்.

"பார்த்தீங்களா? இந்த வாரமும் எங்கேயும் போகல. பேச்சுதான் இறங்கும், பாட்டு இறங்காது. பயப்படாதீங்க."

வெளியே அம்மா கதவைத் தட்டுவாள். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். காலை ஷிஃப்டு.

"உள்ள கச்சேரி முடிஞ்சுதா இல்லையா?"

"ரெண்டு நிமிஷம்மா!"

"அந்த ரெண்டு நிமிஷம் ஆரம்பிச்சு அரை மணி நேரமாச்சு. கொஞ்சம் தண்ணியாவது கொட்டு. குளிக்கிறதா நினைச்சு மனசைத் தேத்திக்கிறேன்."

முன்பெல்லாம் அவள் பேச்சு 'டி' என்று முடியும். சிட்டு விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அதை விட்டுவிட்டாள். 'டா' இன்னும் வாயில் வரவில்லை. அதனால் அவள் சொல்கிற எதுவும் வால் அறுந்த பட்டம்போல எங்கோ போய் நின்றுவிடும்.

சிட்டு திருநம்பி. பெண் என்று சொல்லித்தான் அவனை வளர்த்தார்கள். அப்படி இல்லை என்பது அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் இத்தனை வருடம் ஆயிற்று. டாக்டரைப் பார்த்து ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்த அன்றே போனில் வீடியோ போட ஒரு பக்கம் தொடங்கினான். தாடையில் முளைத்த நாலு முடியையும் அதில் காட்டினான், கண்ணாடி முன்னால் அழுத அழுகையையும் காட்டினான். அவன் தெருவில் இருக்கும் ஆட்களைப்போல் பல மடங்குப் பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் அவனைப்போலவே ஊசி போடலாமா வேண்டாமா என்று தத்தளிப்பவர்கள். அவர்களில் பாடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: குரல் போய்விடுமா?

அவனுக்கும் அதே கேள்விதான். ஏனென்றால் சிட்டுவின் பிழைப்பு பாட்டு. ஓர் இன்னிசைக் குழுவில் பெண் குரல் அவன்தான். வேனில் சட்டையும் பேன்ட்டுமாய் ஏறுவான். மண்டபத்தில் கழிவறைக்குள் போய், முதலாளி வாங்கிக் கொடுத்த மினுமினுக்கும் கவுனை மாட்டிக்கொண்டு வருவான். அந்தச் சில மணி நேரம் அது ஒரு வேஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பாட ஆரம்பித்துவிட்டால் அதுவும் மறந்துபோகும். மேடையை விட்டு இறங்கியதும் கை கால் நிற்காது. போனை எடுப்பான், வைப்பான், வேனைச் சுற்றி நடப்பான்.

ஊரெல்லாம் பார்க்கிற அந்தப் பக்கத்தைப் பார்க்காத ஒரே ஆள் வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் குழுவின் முதலாளி. எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். போன் என்றால் அவருக்குப் புக்கிங் வருகிற சாமான்.

"என்னம்மா, தொண்டை இன்னும் கரகரங்குது?"

"ஜலதோஷம் மாஸ்டர்."

"ரெண்டு மாசமாவா? மூக்கையே மாத்திடு."

பின் சீட்டில், ரிதம் பேடில் தாளம் அடிக்கும் பேட்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஒரு புதன்கிழமை பகல். ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா. சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே கரண்டிச் சத்தம். சிட்டுவும் பெரிய தொண்டையும் ஜோடிப் பாட்டு பாடி முடித்தார்கள். பெரிய தொண்டை என்பது குழுவின் மூத்த பாடகருக்கு மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். முகத்துக்கு நேரே சார். ஜோடிப் பாட்டின் உச்சியை சிட்டு அநாயாசமாகத் தொட்டான். கைதட்டினார்கள். அடுத்தது பெரிய தொண்டையின் தனிப்பாட்டு. அந்த நேரம் பார்த்து பேட்டின் வயர் கழன்றுவிட்டது. கீபோர்டுக்காரர் குனிந்து அதைச் செருகிவிட்டு, நிமிர்ந்த கையோடு முன்னிசையை ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன் அவர் அழுத்த வேண்டிய ஒரு பட்டன் இருந்தது. மறந்துபோனார்.

பெரிய தொண்டை ஒரு கையை உயர்த்திக் கம்பீரமாக வாய் திறந்தார். பாட்டு ஏற்கெனவே தாழ்வாகத் தொடங்குவது. அன்றைக்கு அது கிணற்றுக்குள் இறங்கியது. முதல் வரி உறுமலாக வந்தது. இரண்டாவது வரி வரவே இல்லை, காற்று மட்டும் வந்தது. முன் மேஜையில் ஒரு பெண் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பெரிய தொண்டை மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"எங்கய்யா கொண்டுபோய்த் தள்ளியிருக்க என்னை?"

கீபோர்டுக்காரர் பதறிப்போய்ப் பட்டனைத் தேடினார். அதற்குள் மாஸ்டரே மேடைக்கு ஏறி வந்து கீபோர்டின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார். மைனஸ் நாலு. அதாவது எந்தப் பாட்டை வாசித்தாலும் சுருதி இரண்டு கட்டை கீழேதான் வரும்.

"யாருக்கு வெச்சது இது?"

கீபோர்டுக்காரர் பட்டனை அழுத்தி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பதில் தேவைப்படவில்லை. இதற்கு முன் பாடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கவுனில் நின்றிருந்த சிட்டுவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

பெட்டிகளை வேனில் ஏற்றும்போது எல்லாம் வெளியே வந்தது. பேட்காரன்தான் போட்டு உடைத்தான்.

"மாஸ்டர், உலகத்துக்கே தெரியும். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

போனை அவர் கையில் கொடுத்தான். மாஸ்டர் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குளியலறை, குவளை, அதே இரண்டு வரி. சிட்டுவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு வயரைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"ஜலதோஷம்னு சொன்னியே."

"சொன்னேன் மாஸ்டர்."

"நானும் போன வாரம் உனக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேனே, மடையன் மாதிரி."

சிட்டு வயரையே பார்த்தான். மாஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"உன் உடம்பு, உன் இஷ்டம். அதுல நான் நுழைய மாட்டேன். ஆனா என் வயித்துல அடிக்காத. இந்த சீசன்ல புக்கிங் எல்லாம் ஜோடிப் பாட்டுக்குத்தான். ரெண்டு கட்டை இறக்கினா இப்பவும் சமாளிக்கிறே. இதுக்கு மேல இறங்கினா முடியாது. சீசன் முடியற வரைக்கும் அந்த ஊசியை நிறுத்தி வை. உன் இடம் உனக்கு. இல்லேன்னா நான் வேற பொண்ணைப் பார்க்கணும்."

அடுத்த ஊசி சனிக்கிழமை.

அன்று வேனில் சிட்டு ஏறவில்லை. கவுனைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தான். மாஸ்டர்மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. கீபோர்டுக்காரரை நினைக்க நினைக்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பாதி வழியில் திரும்பி, அவர் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்குப் போனான். அவர் கீபோர்டைக்கூட உறையிலிருந்து எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளாண்ணே?"

"உட்காரு முதல்ல."

"உட்கார வரல. எத்தனை நாளா?"

"ஒரு நாள் ஒத்திகையில அந்த இடத்துல நீ தடுமாறினே. உன் மூஞ்சியைப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கல. அரைக் கட்டை இறக்கினேன். நீ பாடிட்டுச் சிரிச்சே. அப்புறம் இன்னொரு அரை, அப்படியே ரெண்டு கட்டை ஆயிடுச்சு. உனக்கு அனுப்பின இசையையும் அப்படித்தான் அனுப்பினேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? பாடறவன் மூஞ்சியைப் பார்த்து வாசிக்கறதுதான்டா என் பொழைப்பு."

"நான் ஊர் பூரா சொல்லியிருக்கேன்ணே, பாட்டு இறங்காதுன்னு. என்னை நம்பி எத்தனை பேர் ஊசி போட்டிருப்பாங்க!"

கீபோர்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அதை நான் யோசிக்கல தம்பி. நீ பாடணும்னு மட்டும்தான் யோசிச்சேன்."

அவர் 'தம்பி' என்று சொன்னதில் சிட்டுவின் கோபம் பாதி கரைந்தது. கரைந்ததே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கதவைச் சாத்தாமல் இறங்கிப் போனான்.

வீட்டில் அம்மா கால்களை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். சிட்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினான்.

"மாஸ்டர் சொல்றதுல என்ன தப்பு? சீசன் முடியற வரைக்கும்தானே?"

"அப்புறம் அடுத்த சீசன் வரும்மா."

"பாட்டு இல்லாம நீ என்ன பண்ணுவே? உனக்கு வேற எதுவும் வராது. ஒரு துணியை மடிக்கச் சொன்னா மூட்டை கட்டி வைக்கிறே."

"பாட்டு நிக்காதும்மா. உச்சிதான் போயிடுச்சு."

"எனக்குத் தெரியும்."

சிட்டு நடப்பதை நிறுத்தினான்.

"வாரா வாரம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நானும்தானே கேக்கறேன்," என்றாள் அம்மா. "முன்ன அந்த இடம் வரும்போது என் முதுகெல்லாம் சிலிர்க்கும். இப்ப சிலிர்க்கறதில்ல."

"ஏம்மா சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றே. அந்த மூஞ்சிகிட்ட எப்படிச் சொல்றது?"

வியாழன் முழுக்க சிட்டு யோசித்தான். யோசித்தான் என்பதைவிட அலைந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்பினான். ஊசியைத் தள்ளிப்போட்டால் மேடை இருக்கும், கைதட்டல் இருக்கும். ஆனால் கழிவறையும் கவுனும் கூடவே இருக்கும். போட்டால் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டரும், "குரல் எங்கே போய் உட்காரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது, போனது திரும்பாது" என்றுதான் முதல் நாளே சொல்லியிருந்தார். அவன்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் மாடியறைக்குப் போனான். கீபோர்டுக்காரர் துண்டோடு கதவைத் திறந்தார்.

"பழைய கட்டையில வாசிங்க. எதையும் இறக்காம."

"வேணாம்டா. கிழிஞ்சிடும்."

"கிழியட்டும்."

போனை ஜன்னலில் நிற்க வைத்தான். முதல் வரியின் பாதியிலேயே கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது வரியின் உச்சிக்குப் போனபோது குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலே கீச்சிட்டது, ஒரு பாதி கீழே விழுந்தது. கீபோர்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சிட்டு இருமினான், போனைப் பார்த்தான்.

"இறங்காதுன்னு உங்ககிட்ட சொன்னேன். தப்பு. எனக்குத் தெரியாம இறக்கி வெச்ச இசைக்குத்தான் நான் பாடியிருக்கேன். அந்த உச்சி போயிடுச்சு, திரும்பி வராது. ஊசி போடறதா வேணாமான்னு முடிவு பண்றவங்க என் பழைய வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இதைப் பார்த்துப் பண்ணுங்க. நான் நாளைக்குப் போட்டுக்கப் போறேன்."

கடைசி வாக்கியத்தை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான், வியாழன் முழுக்க அலைந்தது இதைச் சொல்வதற்குத்தான் என்று அவனுக்குப் புரிந்தது. அதே மூச்சில் வீடியோவை ஏற்றிவிட்டான். வசவும் வந்தது, நன்றியும் வந்தது. தன் ஊர்த் தேவாலயத்தில் பாடுகிற ஒரு தையல்காரர், "ஊசி போட்டதும் என் குரல் உடைஞ்சு போச்சு, உனக்கு மட்டும் உடையலையே, ஏதோ என்கிட்டதான் கோளாறுன்னு நினைச்சிருந்தேன்" என்று எழுதியிருந்தார். சிட்டு அதைப் படித்துவிட்டு வெகு நேரம் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான்.

சனிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறைக்குப் போனான். கவுனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் மாஸ்டர் முன்னால் வைத்தான். இஸ்திரி அம்மாவுடையது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு மாஸ்டர்."

மாஸ்டர் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக நகர்த்தினார். "ஒரு பொண்ணு நாளைக்கு வர்றா. ஜோடிப் பாட்டெல்லாம் அவளுக்கு."

"சரி மாஸ்டர். நான் பின்பாட்டு பாடறேன்."

"இந்தச் சின்னக் குழுவுக்குப் பின்பாட்டா? பட்டனை அமுக்கினா பத்துப் பேர் சத்தம் வருது. அதுவுமில்லாம உன் குரல் இப்ப எதுல சேர்த்தி?"

சிட்டு பையின் பிடியை முறுக்கிக்கொண்டு நின்றான். மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெரிய தொண்டை பாட்டிலை வைத்தார். புதன்கிழமை அவமானத்துக்கு அப்புறம் அவர் யாரோடும் பேசவில்லை.

"என் தனிப்பாட்டுல மூச்சு வாங்கவே இடம் இல்ல," என்றார், சுவரைப் பார்த்து. "கூட ஒருத்தன் தாங்கிப் பிடிச்சா நல்லதுன்னு எத்தனை நாளா கத்தறேன். கேக்க நாதி இல்ல."

"இவன் குரல் உடைஞ்சு கிடக்கு சார்," என்றார் மாஸ்டர்.

"அன்னிக்கு என் குரல் கிடந்த லட்சணத்தை ஊரே பார்த்துச்சு. நான் செத்தா போயிட்டேன்?" சிட்டுவின் பக்கம் திரும்பினார். "ஒரு கை தள்ளி நில்லு. மைக்கைக் கடிக்காத. நான் மூச்சு எடுக்கற இடத்துல மட்டும் நுழை. என் வரியில கை வெச்சே, தொலைச்சிடுவேன்."

மாஸ்டர் இந்த மாதத்துக்கு மட்டும், பார்க்கலாம், என்று முனகினார். கீபோர்டுக்காரர் முன்னிசையை ஆரம்பித்தார். சிட்டு ஒரு கை தள்ளி நின்றான். கால் மாற்றி நின்றான். பெரிய தொண்டை முதல் வரியை முடித்து மூச்சு எடுத்தார். சிட்டு நுழைந்தான். அதுவரை பாடியே இராத ஏதோ ஒரு தாழ்வான இடம். கால் வைத்ததும் சறுக்கியது. குரல் மூன்றாவது சொல்லில் உடைந்தது. பேட்காரன் சிரித்தான். பெரிய தொண்டை திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை எடுத்தார். அது முடியப் போகிறது. சிட்டு இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொண்டான்.