அண்ணனின் முகத்தில் சிவப்புக் கோடுகள்

சிகரெட்டை விட்ட வருடம் என் கைகளுக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. அப்போது லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், ஒரு பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து காசு வாங்கிப் போடுகிற வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஓய்வு நேரத்தில் கிராஸ் ஸ்டிச் தைப்பாள்; கட்டம் போட்ட துணியில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக நூல் போட்டுப் படம் எடுக்கிற தையல். அவளிடம் கற்றுக்கொண்டேன். மீசை வைத்த ஆள் ஊசியும் நூலுமாக இருப்பதைப் பார்த்து, மினிகாப் ஓட்டும் நம்முடைய அண்ணைமார் பண்ணிய பகிடி கொஞ்சநஞ்சமல்ல. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பூவும் பறவையும் அலுத்துப்போனதும், அண்ணனின் முகத்தைப் பெரிதாகத் தைக்க ஆசை வந்தது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்து அவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அண்ணி என்னோடுதான் ஈஸ்ட் ஹாமில் இருந்தார். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பது அவர் கட்சி. செத்துவிட்டார் என்பது என் கட்சி. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான்.

புகைப்படத்தைக் கட்டம் கட்டமாக மாற்றி, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று அச்சடித்துத் தருகிற கடை ஒன்று இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து முதலில் கோடு போடாமலே தொடங்கினேன். யாராவது பெற்றோல் அடித்துவிட்டு வந்து நிற்பான். காசை வாங்கிவிட்டுத் திரும்பினால் எந்தக் கட்டத்தில் நின்றேன் என்று தெரியாது. ஒரு புருவம் நெற்றிக்கு ஏறிவிட்டது. முழுவதையும் பிரித்தேன். பிறகு துணி முழுக்க, பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக, நெடுக்கும் குறுக்கும் சிவப்பு நூல் ஓட்டினேன். தாளிலும் அதே கோடுகள். ஒரு பெட்டியை முடித்துத்தான் அடுத்த பெட்டி. யார் வந்து கூப்பிட்டாலும் இடம் தவறாது.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. பெட்டிக்குள் வேலை செய்யும்போது அது அண்ணன் இல்லை. மண்ணிற நூல், அதைவிட வெளிறிய மண்ணிற நூல், அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் முழுக்க அவருடைய கன்னத்தைத் தைத்தேன், மனம் ஒன்றும் செய்யவில்லை.

முடிந்ததும் மேசையில் விரித்தேன். கோடுகளை உருவிவிட்டு பிரேம் போடுவோம் என்றேன். அண்ணி கிட்ட வந்து பார்த்தார்.

“நூலை உருவாதேங்கோ தம்பி. பிரேம் போட்டுக் கொழுவினால், வாறவை மாலை போடச் சொல்லுவினம்.”

“அப்ப என்னத்துக்கு நான் கண்ணைக் கெடுத்துத் தைச்சனான்?”

“முடியாத வேலையாக் கிடக்கட்டும். உங்களுக்கென்ன?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனுசியோடு பேசி வேலையில்லை என்று நினைத்தேன். படம் கோடுகளோடு ஒரு தலையணை உறைக்குள் போய், அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்தது.

பிறகு ஒருநாள், பாரிஸிலிருந்து வெம்பிளிக்குக் குடிவந்த ஒருவர் எங்கள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்தார். அண்ணனோடு ஒரே அறையில் அடைபட்டிருந்தவர். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் சொல்ல வந்ததை அண்ணியிடம் சொல்லிவிட்டார். பிடிபட்ட அதே மாதம் அண்ணன் அவருடைய மடியில் இறந்திருக்கிறார்.

“இவ்வளவு காலமும் உங்கடை முகத்தைப் பார்க்கத் தைரியம் வரேல்லை அக்கா,” என்றார். அண்ணி அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, அண்ணி படத்தைக் கட்டிலில் விரித்துச் சிவப்பு நூல்களை உருவி முடித்திருந்தார். அன்றுதான் அண்ணனை முழுதாகப் பார்த்தேன். யாரையோ நக்கலடிக்கத் தயாராகிற முகம்.

“இது ஒண்டு மட்டும் வருதில்லை தம்பி.”

கண்களுக்குக் கீழே போன கோடு. தைக்கும்போது என் ஊசி அந்த நூலையே குத்திக்கொண்டு போயிருக்கிறது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

“நாளைக்கு எடுக்கிறன் அண்ணி.”

“இண்டைக்கே எடுங்கோ. நாளைக்கு ஐயர் வாறார். படம் வேணும்.”

கத்தரிக்கோல் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கத்திகளும் கரண்டிகளும் கிடந்த லாச்சியை இழுத்துத் திறந்தபடி அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் செத்துவிட்டார் என்று அத்தனை வருடமும் அண்ணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அண்ணி வந்து என்னை விலக்கிவிட்டு, கத்தரிக்கோலைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.