கையாட்டிய படகுக்காரர்

மூணாம் வகுப்பைத் தாண்டாத நான் சிங்கப்பூர்த் தேக்காவில் மூணு கடை வைத்திருக்கிறேன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நானே ஒரு படகுக்காரரிடம் ஏமாந்தேன். சாங்கிக் கடற்கரையிலிருந்து என்னை மீன் பிடிக்கக் கூட்டிப்போனவர். தங்கச் சங்கிலி, வெளுத்த தொப்பி, எதிரே வரும் படகுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே கையாட்டும் பழக்கம். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

அன்று, காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கி விளையாடிய ஒருவர், படகுகள் போகும் பாதையில் விழுந்தார். பட்டம் தண்ணீரில் நனைந்து கிடந்தது. கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். படகுக்காரரும் சிரித்தபடி பதிலுக்கு ஆட்டினார்.

“உதவிக்குக் கூப்பிடுறாரு தம்பி!”

“தெரியும்ணே. நம்ம பாதையில வந்து பட்டம் விடுறாங்கள்ல, கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும் லா. மீன் கடிக்கிற நேரம்.”

தூரத்தில் ஒரு பெரிய படகு வந்துகொண்டிருந்தது. தூண்டில்களை நானே சுருட்டி உள்ளே எறிந்தேன். “இப்பத் திருப்புறியா, நான் திருப்பவா?” என்று கத்திய பிறகுதான் படகு திரும்பியது.

நாங்கள் தூக்கி ஏற்றியவர் நம் தமிழாள். ஏறியதும் படகுக்காரரின் கையைப் பற்றினார். “நீங்க கையாட்டினீங்க. பாத்துட்டீங்க, வந்துடுவீங்கன்னு நம்பித்தான் மிதந்தேன்ணே.”

படகுக்காரர் கூசவே இல்லை. “கடல்ல ஒருத்தருக்கொருத்தர்தானே தம்பி” என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

கரையில் இறங்கியதும் எனக்கும் கையாட்டினார். நான் திரும்ப ஆட்டவில்லை. அந்தக் கைதான் ஒருவரை மிதக்கவைத்தது என்பதை மட்டும் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.