கன்னக் கொம்பை அறுத்த கதை

திருக்காட்டுப்பள்ளி சாலையில் எங்கள் ஃபைபர் பட்டறை. மாதா கோயில்களுக்குச் சுரூபங்களும் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டிகளும் செய்தோம். நான் சூப்பர்வைசர். ஆட்கள் ஒவ்வொருவராக கல்ஃபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அப்போது சென்னைப் பக்கம் புதிதாக வந்த ஒரு தீம் பார்க்கில் டைனோசர் மண்டை ஓடு கேட்டார்கள். சாம்பிள் பாஸானால் மொத்த ஆர்டரும் எங்களுக்கு. இல்லையென்றால் பட்டறையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஐந்து கொம்பு விலங்கு அது. கண்களுக்கு மேல் இரண்டு, மூக்கில் ஒன்று. மற்ற இரண்டும் கன்ன எலும்பிலிருந்து பக்கவாட்டில் கீழ்நோக்கி நீளும். பின்னால் முறம்போல விரிந்த எலும்பு, முன்னால் கிளி அலகு.

பார்க் ஆள் வருகிற நாள் காலையில் போய்ப் பார்த்தால் கன்னக் கொம்பு இரண்டையும் காணோம். ஃபினிஷிங் செல்வராசு கிரைண்டரால் அறுத்து வழவழவென்று தேய்த்தும் வைத்திருந்தான்.

"கொம்பு கன்னத்துல இறங்குனா அறுத்துவுட்டுடணும்க்கா. சதையில குத்திப் புண்ணாயிடும்" என்றான். அவன் வீட்டில் வண்டி மாடு உண்டு.

"மண்டை ஓட்டுக்கு ஏதுடா சதை?" என்று கத்தினேன்.

நல்லவேளை, மோல்டு இருந்தது. கொம்புகளை மட்டும் தனியாக வார்த்து போல்ட் போட்டு முடுக்கினோம். ஒட்டை மறைக்கப் பூசிய புட்டி அடைமழை ஈரத்தில் இறுகவே இல்லை. வழித்துப் போட்டோம். ஒட்டு பளிச்சென்று தெரிந்தது.

வந்தவர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். நேராகக் கன்னத்துக்குப் போய் அந்த ஒட்டை விரலால் தடவினார். முதலாளி எங்களைப் பார்த்து வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணைக் காட்டினார். செல்வராசு எங்கே கேட்டான்? அறுத்ததையும் ஒட்டியதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கன்னக் கொம்பு நுனி தனி எலும்புதாங்க. இளசா இருக்கிறப்ப இப்படித்தான் ஒட்டு தெரியும். வயசானா ஒண்ணாக் கூடிப்போயிடும். இத மறைக்காதீங்க."

"அப்ப மாட்டுக்குப் பாக்குற மாதிரி பல்லப் புடிச்சு வயசு பாக்க வேணாம்" என்றான் செல்வராசு.

ஆர்டர் கிடைத்தது. பட்டறையும் பிழைத்தது. அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: வேலை கொடுக்கும்போது எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு அது ரொம்பவே அவசியம்.

பிறகு அவனும் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். எனக்கு வருத்தம்தான். ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தான்.

"இங்க மால்ல நம்ம அஞ்சு கொம்பு நிக்குதுக்கா. கன்னத்துல ஒட்டே தெரியல. கிழட்டு மாட்ட யாரோ இவனுவ தலையில கட்டிட்டானுவ."