தொண்ணூற்று மூன்று டிகிரி

1. கழற்றச் சொன்ன சார்ட்

"இந்தச் சார்ட்ட மொதல்ல கழட்டுங்க டீச்சர். பாக்கற புள்ளைக தப்பாப் படிச்சுட்டுப் போயிரும்."

அறிவியல் கண்காட்சியில் எங்கள் மேசைக்கு வந்த நடுவர் வாயைத் திறந்ததும் சொன்னது இதுதான். மேசைக்குப் பின்னால் என் மாணவி மோனிஷா நின்றுகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. அவள் சார்ட்டில் பெரிய எழுத்தில் மூன்றே வரிகள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கிறது. குன்னூரில் 94. மேட்டுப்பாளையத்தில் 99. அதற்குக் கீழே காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு பத்தி விளக்கம். மேசையில் ஸ்பிரிட் விளக்கு, பீக்கர், ஸ்டாண்டில் மாட்டிய தெர்மாமீட்டர்.

"கொதிக்க வெச்சுக் காட்டட்டுங்களா சார்?" என்று மோனிஷா கேட்டாள்.

"வேண்டாம்மா. தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரியும். தெர்மாமீட்டர் கெட்டுப்போனா தெர்மாமீட்டர மாத்தோணும். சயின்ஸ மாத்தக் கூடாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. நான் ஊட்டியில் இயற்பியல் பாடம் எடுத்தே தலை நரைத்தவள்.

"கடல் மட்டத்துலதான் சார் நூறு. நாம ஏழாயிரம் அடிக்கு மேல இருக்கறோம். புக்குலயே 'இயல்பு அழுத்தத்தில்'னு போட்டிருக்குதுங்க" என்றேன்.

"அதெல்லாம் புள்ளைகளுக்கு எதுக்குங்க? பரீட்சையில நூறுன்னு எழுதினாத்தான் மார்க்கு."

அவர் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்க்கவே இல்லை. விளக்கைப் பற்றவைக்கவும் விடவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவரோடு வந்த இன்னொரு நடுவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். அவர் ஒரு நிமிஷம் பின்தங்கி நின்று, என் பக்கம் சாய்ந்து, "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். எனக்குத் தெரியாதுங்களா? சாருகிட்ட எதுக்கு வாக்குவாதம்னு விட்டுட்டேன்" என்றார்.

தெரியாதவர் மீது வந்த கோபம் அன்று சாயங்காலமே தணிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் மீது வந்த கோபம் இன்றுவரை தணியவில்லை.

முதல் பரிசு எரிமலைக்குப் போனது. தெர்மாக்கோலில் மலை செய்து, உள்ளே சமையல் சோடா போட்டு வினிகர் ஊற்றி, சிவப்புச் சாயம் கலந்த நுரையை வழியவிடும் அதே எரிமலை. ஆன்லைனில் செட்டாகவே கிடைக்கிறது. அதைச் செய்த பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நீலகிரியில் எந்தக் குழந்தையும் எரிமலையைப் பார்த்ததில்லை. கொதிக்கிற தண்ணீரைத் தினமும் பார்க்கிறது.

2. இரண்டு தெர்மாமீட்டரும் கெட்டுப்போன வகுப்பு

அந்தச் சார்ட் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

வெப்பப் பாடம் எடுக்கும்போது நான் வகுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்கவைப்பது வழக்கம். பிள்ளைகள் வரிசையாக வந்து, குனிந்து, பாதரச மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்துவிட்டுப் போக வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். அன்று எல்லோரும் 93 என்று படித்தார்கள். எல்லோரும் நோட்டில் 100 என்று எழுதினார்கள்.

"ஏன் கண்ணு, பாத்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணு?" என்று முன்வரிசைப் பெண்ணைக் கேட்டேன்.

"தெர்மாமீட்டர் ரிப்பேருங்க டீச்சர்."

இன்னொரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து போட்டேன். அதிலும் 93. "அதும் ரிப்பேருங்க டீச்சர்" என்று வகுப்பே சொன்னது. ஊட்டியில் எந்த வீட்டிலாவது குக்கர் இல்லாமல் பருப்பு வேகுமா? கொண்டைக்கடலை வேகவில்லை என்று அம்மாக்கள் புலம்புவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இவர்கள். ஆனாலும் அது சமையலறை, இது சயின்ஸ். நடுவில் யாரோ சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து மோனிஷா மட்டும் எழுந்தாள். "டீச்சர், இதே தெர்மாமீட்டர கீழ மேட்டுப்பாளையம் கொண்டுபோய் வெச்சுப் பாத்தா?"

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இத்தனை வருஷம் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். பதிலைச் சந்தேகப்பட்டு, அதைச் சோதிக்க வழியும் சொன்ன பிள்ளை அபூர்வம்.

அவள் அப்பா சிவராஜ் ஊட்டியிலேயே காந்தல் பகுதியில் குடியிருக்கிறார். கேரட், பீட்ரூட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். ஒரு விடுமுறை நாளில் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். குன்னூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒருமுறை, மண்டி வாசல் டீக்கடையில் ஒருமுறை, இரண்டு இடத்திலும் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் படித்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் சிவராஜே பள்ளிக்கு வந்து சொன்னார்.

"டீ மாஸ்டரு கேக்கறாருங்க டீச்சர், ஏனுங்க, தண்ணிக்குக் காய்ச்சலான்னு. நானும் எட்டிப் பாத்தேனுங்க. தொண்ணூத்தொம்போது. அதே குச்சிதானுங்க, அதே தண்ணிதானுங்க. ஊட்டியில இருந்து கேன்ல புடிச்சுட்டுப் போனோமுங்க."

தண்ணீரையும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். மோனிஷாதான் என்றார். தண்ணீர் மாறினால் அதனால்தான் அளவு மாறியது என்று யாராவது சொல்லிவிடுவார்களாம்.

அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். "இவ பிளஸ் ஒன்ல ஃபர்ஸ்ட் குரூப்புதான் வேணும்கறாளுங்க. கணக்கு, பிசிக்ஸு எல்லாம் நம்ம மாதிரி ஆளுகளுக்கு ஒத்து வருமான்னு எனக்குத் தெரியலீங்க. கண்காட்சியில பிரைஸ் வாங்கட்டும், அப்ப சேத்திவிடறேன்னு சொல்லியிருக்கறேன்."

அப்போதே நான் மறுத்துப் பேசினேன். பரிசுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

3. கண்ணால் பார்த்த மனிதர்

கண்காட்சி முடிந்த மறுவாரம் சிவராஜை மார்க்கெட்டில் பார்த்தேன். மோனிஷாவுக்காகக் கொஞ்சம் மன்றாடலாம் என்று நின்றேன்.

"விட்டுருங்க டீச்சர். தப்பாப் பண்ணிட்டா போலிருக்குது. அவ்வளவு பெரியவரே தப்புன்னுட்டாரு."

"நீங்களே மேட்டுப்பாளையத்துல பாத்தீங்களே சிவராஜ். தொண்ணூத்தொம்போதுன்னு நீங்கதானே எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

"பாத்தேனுங்க. ஆனா நான் பாத்து என்னங்க ஆகுது? நான் எட்டாவதுதானுங்க படிச்சது. படிச்சவங்க சொன்னா அதுல ஏதோ இருக்குமுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதர் பொய் சொல்லவில்லை. பணிவாக, மனதார, தன் கண்ணைத் தானே தள்ளிவைத்துவிட்டார். அவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்கள்தான். பள்ளிக்கூடம்தான். பார்த்ததை அழித்துவிட்டு நூறு என்று எழுதினால் மார்க் போடுகிறவர்கள் நாங்கள்தான்.

நம் ஊரில் அறிவியலை யாரும் மதிப்பதில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். தவறு. அளவுக்கு மீறி மதிக்கிறார்கள். தூரத்தில் நின்று கும்பிடுகிறார்கள், தொட்டுப் பார்ப்பதில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 'விஞ்ஞானிகளே வியந்தார்கள்' என்று எதைப் போட்டாலும் கும்பிடும் கை வரிசையாக வந்து விழுகிறது. பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடந்தால் அதே பெற்றோர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து "எனக்கும் வராதுங்க" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எழுதப் படிக்க வராது என்று அப்படிச் சிரித்துக்கொண்டே யாராவது சொல்வார்களா?

4. அட்மிஷன் நாள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. மோனிஷா நல்ல மார்க். அட்மிஷன் அன்று நல்ல மழை. சிவராஜ் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, தலைமையாசிரியர் அறையில் வந்து நின்றார்.

"காமர்ஸ் குரூப்புல போட்டுருங்க சார்."

மோனிஷா என்னைப் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

தலைமையாசிரியர் பேனாவை எடுத்தார். அவருக்கும் இது வசதி. ஃபர்ஸ்ட் குரூப்பில் யாராவது ஃபெயிலானால் பள்ளியின் தேர்ச்சி குறைந்துவிடும் என்று அவருக்கு எப்போதும் பயம். நான் மேசையில் கையை வைத்தேன்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி லேபுக்கு வாங்க. நீங்களும் வாங்க சிவராஜ்."

"இப்பவா டீச்சர்? வெளிய கூட்டம் நிக்குது."

"தண்ணி கொதிக்கற நேரந்தானுங்க சார்."

என் குரலில் என்ன இருந்ததோ, இருவரும் கூடவே வந்தார்கள். மோனிஷா விளக்கைப் பற்றவைத்தாள். கொதி வந்ததும், "படிங்க சார்" என்றேன். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"தொண்ணூத்தி மூணு" என்றார். விளக்கை நகர்த்திவைத்து மறுபடி பார்த்தார். "தொண்ணூத்தி மூணேதான். அதானா, எங்க ஊட்டுல கொண்டக்கடல வேகறதே இல்ல. கேஸ்காரன் ஏமாத்தறான்னு நினைச்சுட்டிருந்தேன்."

"அப்ப எம்புள்ள எழுதினது சரிங்களா சார்?" என்றார் சிவராஜ்.

"சரிதானுங்க." அவர் நிமிர்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா டீச்சர், பரீட்சையில மட்டும் நூறுன்னே எழுதச் சொல்லிருங்க" என்றார்.

"அப்பப் பரீட்சைய மெரினாவுலயா சார் வெப்பாங்க?" என்று மோனிஷா கேட்டாள். கிண்டலாகத் தெரியவில்லை. உண்மையிலேயே கேட்பதுபோலத்தான் இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சிவராஜ் அவர் பின்னாலேயே போய், "சார், ஃபர்ஸ்ட் குரூப்புலயே போட்டுருங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மோனிஷாவின் முகத்தில் அது முழுதாக இல்லை. தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி சொன்னாள். "டீச்சர், எங்கப்பா தெர்மாமீட்டர நம்பலீங்க. எச்.எம். சாரத்தான் நம்பினாரு."

ஒரு பெரியவர் தப்பு என்றதால் சிவராஜ் கைவிட்டார். இன்னொரு பெரியவர் சரி என்றதால் எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

5. மறுபடியும் அதே மேசை

அடுத்த கண்காட்சிக்கும் மோனிஷா அதையே கொண்டுபோனாள். புதிதாக ஏதாவது செய்யலாமே என்றேன். "இது இன்னும் முடியலீங்க டீச்சர்" என்றாள். சார்ட் மட்டும் வேறு. எண்ணே போடவில்லை. 'தண்ணீர் இங்கே எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? நீங்களே படித்துச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

பரிசு இந்த முறையும் இல்லை. எரிமலைக்கே போனது. நல்ல பெரிய எரிமலை.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். பாடத்தை முடிக்க அவசரப்படாதீர்கள். பிள்ளை தன் கண்ணால் படித்த எண்ணை, யாருக்காகவும், பரீட்சைக்காகவும்கூட, அழிக்கச் சொல்லாதீர்கள். ஒருமுறை அழித்த பிள்ளை பிறகு வாழ்நாள் முழுக்க அழிக்கும். யார் பெரியவர் என்று பார்த்துப் பார்த்து அழிக்கும்.

அன்று சிவராஜ் மண்டிக்குப் போகாமல் கண்காட்சிக்கு வந்திருந்தார். மேசை ஓரம் நின்று, விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், யாருக்கோ அப்பாவாக இருக்க வேண்டும், சார்ட்டைப் படித்துவிட்டு அவரிடம் கேட்டார். "ஏனுங்க, தண்ணி நூறுலதானுங்களே கொதிக்கும்? இதுல என்ன கேள்வி?"

நடந்ததையெல்லாம் சிவராஜ் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. ஸ்டாண்டை அந்த மனிதர் பக்கமாக மெதுவாகத் தள்ளிவைத்தார்.

"என்னையக் கேக்காதீங்க. குனிஞ்சு பாருங்க."

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.