மூன்றாம் நாள் வழக்கம்

சீனாவிலிருந்து விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்றதும் எங்கள் முதலாளி ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்தார். சீன வியாபாரிகளோடு பழகுவது எப்படி என்பதுதான் பாடம். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டுக் கற்றதை ஒப்புவித்தார். பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். வந்ததும் வராததுமாக வியாபாரம் பேசக்கூடாது. பரிசு தந்தால், தந்தவர் முன்னால் பிரிக்கவே கூடாது. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இதில் பாதியை நான் சின்ன வயதிலேயே வீட்டில் குட்டு வாங்கிப் படித்தவள். இதற்கு ஒரு வகுப்பு, அதற்கு மத்தியானச் சாப்பாடு வேறு!

கனடாவில், சென்ட் லோரன்ட்டில் மருந்துப் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. சாமான் வாங்கும் பிரிவு என் பொறுப்பு. மூடி வார்க்கும் புது அச்சைச் சீனாவில் செய்வித்திருந்தோம். அதில் வந்த மூடியெல்லாம் மூலையில் வெடித்தது. இதைத் திருத்தாவிட்டால் வேறிடம் பார்ப்பதாக மருந்துக் கொம்பனி சொல்லிவிட்டது. அப்படி நடந்தால் மூடிப் பகுதியையே இழுத்து மூடுவார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப்பேர் எங்கள் தமிழ்ப் பெண்கள்.

"தங்கச்சி, எங்களை நிப்பாட்டிப் போடுவினமோ?" என்று அங்கே நெடுங்காலம் வேலை செய்த ஓர் அக்கா காலையில் என்னைக் கண்டால் கேட்பார்.

"சீனாக்காரர் வருகினம்தானே அக்கா. கதைச்சுப் பாப்பம்" என்பேன். என் வேலையும் அதே கயிற்றில்தான் தொங்குகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை.

வந்தவர்கள் இருவர். அச்சுக் கொம்பனியின் மேலாளரான ஓர் அம்மா, அவரோடு ஒரு பொறியியலாளர். அந்த அம்மா முதல் வேலையாகச் சிவப்புத் தாள் சுற்றிய பெட்டியொன்றை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்கி, அலுமாரியின் மேல் பத்திரமாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இரண்டு நாளும் பனியும் ஹொக்கியும்தான் பேச்சு. அச்சைப் பற்றி முதலாளியும் பேச்செடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. "உங்கள் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் அந்த அம்மா இடைக்கிடை சொல்வார். எதைப் பற்றிய அபிப்பிராயம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று பேசாமல் இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் பின்னேரம் அவர்களுக்கு விமானம்.

இரண்டாம் நாள் மாலை அவர்களை ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். "சம்பந்தி வீட்டார் வாற மாதிரியெல்லோ ஓடித் திரியிறீர்" என்று கணவர் பகிடி பண்ணினார். வந்தவர்கள் எனக்கும் ஒரு பெட்டி தந்தார்கள். அதைப் பிரிக்காமல் உள் அறையில் வைத்துவிட்டு வந்து இடியப்பம் பரிமாறினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் பிரிக்க மாட்டீர்களா?" என்று கேட்டார்.

"தந்தவர் முன்னால் பிரித்தால் விலை மதிப்பது போல இருக்கும். எங்கள் பழக்கம் அப்படி" என்றேன்.

"எங்கள் பழக்கமும் அதுதான். ஆனால் கனடாக்காரர் கையில் வாங்கியதுமே பிரித்துப் பார்ப்பார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்களே?"

அவர்களும் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள்! பொறியியலாளர் கையில் இருந்த சொதிக் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தச் சிவப்புப் பெட்டியில் இருந்தது பரிசே இல்லை. அங்கே திருத்திச் செய்த வேறோர் அச்சில் வார்த்த புது மூடி. பிழை தங்கள் பக்கம் என்று வாயால் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மூடியைக் கண்டால் முதலாளிக்குத் தானாக விளங்கும் என்று அழகாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அத்தனை பெண்களின் பிழைப்பும் இரண்டு நாளாக அலுமாரியின் மேல் கிடந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது.

"உங்கள் முதலாளிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். வெட்கப்படுவார்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். சொல்லாமல் எப்படிப் பிரிக்க வைப்பது? வகுப்பில் படித்ததை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். "வகுப்பில் ஒன்றை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மூன்றாம் நாள், தந்தவர்கள் பார்த்திருக்கப் பரிசைப் பிரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மனம் நோவார்களாம்."

பச்சைப் பொய். முதலாளி பதறிப்போய் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"மிகப் பழைய வழக்கம்" என்றார்.

முதலாளி பெட்டியைப் பிரித்து, மூடியை எடுத்து, மூலையைப் பெருவிரலால் அழுத்தினார். வெடிக்கவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். வெடிக்கவில்லை. மூடியும் கையுமாக மூடிப் பகுதிக்கே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அந்த அக்கா மூடியை வாங்கி வளைத்துப் பார்த்தார்.

"அப்ப இனி நிப்பாட்டமாட்டினம் என்ன, தங்கச்சி?"

"ஓம் அக்கா, நிப்பாட்டமாட்டினம்."

மூடிப் பகுதி இன்றும் ஓடுகிறது. அந்த அக்காவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். சீனப் புதுவருடத்துக்கு அந்த அம்மா தேயிலைப் பெட்டி அனுப்புவார். முதலாளி அதை அலுமாரியின் மேல் வைத்து, மூன்றாம் நாள் வரை காத்திருந்து, வீடியோ அழைப்பில் அவர் பார்த்திருக்கப் பிரிப்பார். அந்த அம்மாவும் அசையாத முகத்தோடு தலை வணங்கி ஏற்றுக்கொள்வார்.

இந்த முறை தேநீர் தரும்போது முதலாளி பெருமையாகச் சொன்னார், அந்த வகுப்பை நடத்துபவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னாராம். இப்போது மூன்றாம் நாள் வழக்கத்தையும் பாடத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

நான் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டேன்.