கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு ரேஸ்

கார் ரேஸ் விளையாட்டுகளுக்கு வி.ஆர். ஹெட்செட் வசதி வேண்டும் என்று இணையத்தில் ஊர் பேர் தெரியாதவர்களோடெல்லாம் சண்டை போட்டவன் நான். தலையில் அதை மாட்டிக்கொண்டால் டி.வி. மறைந்துபோய் நாமே காருக்குள் உட்கார்ந்திருப்போம். அது இல்லாமல் ரேஸ் ஓட்டுவது, ஜன்னல் வழியாகக் கல்யாணப் பந்தியைப் பார்ப்பது போல என்று எழுதியிருக்கிறேன். கடைசியில் நான் ஆடும் விளையாட்டிலும் அந்த வசதி வந்தது. என்னால்தான் வந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி மசியவில்லை. "பஸ்ல போனா வாந்தி வருது, சரி. வூட்டுக்குள்ள உக்காந்துகிட்டும் வரணுமாக்கும்?" என்றாள்.

அவள் கஷ்டம் அவளுக்கு. பஸ்ஸோ, நான் ஓட்டும் காரோ, எதில் ஏறினாலும் அவளுக்குக் குமட்டும். பெரம்பலூரிலிருந்து செந்துறையில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போவதற்குள், கையிலிருக்கும் எலுமிச்சம்பழம் மோந்து மோந்தே வதங்கிவிடும். அரியலூருக்கு முன்னாலேயே கேரி பேக்குக்கு வேலை வந்துவிடும். செந்துறையில் மாமியார் தயாராக விரித்து வைத்திருக்கும் பாயில் விழுந்தால், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எழுவாள். தங்கை கழுத்தில் தாலி ஏறியபோதும் அந்தப் பாயில்தான் கிடந்தாள். இப்போது அந்தத் தங்கைக்கு வளைகாப்பு வரப்போகிறது. "இந்தத் தடவயாச்சும் தெம்பா போயி நின்னு, அவ கையில நான் வளையல் போடணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லப்பைக்குடிக்காட்டு நண்பன் துபாயிலிருந்து லீவில் வந்தான். ஹெட்செட், ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் எங்கள் ஹாலில் கொண்டுவந்து பொருத்தினான். கூடவே அவன் வீட்டு பிரியாணியும் வந்தது. நான் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். மலைப்பாதை. முதல் வளைவில் "ஆஹா" என்றேன். இரண்டாவது வளைவில் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. மூன்றாவது வளைவில் ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். இத்தனை வருடமாகக் கார் ஓட்டுகிறேன் என்ற பெருமையெல்லாம் வாழைமரத்தடியில் போயிற்று.

திரும்பி வந்தால், மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "மோந்து பாருங்க, சரியாப் போவும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க தங்கச்சி" என்று அவளை ஏற்றிவிட்டான் நண்பன். அவள் இன்னொரு பழத்தோடு உட்கார்ந்தாள். ஒரு கையில் பழம் இருந்தால் ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பது? மடியில் போட்டுக்கொண்டாள். கிளம்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஹாரன் எங்கங்க?"

"ரேஸ்ல ஹாரன் கெடையாது தங்கச்சி."

"வளைவுல ஹாரன் அடிக்காம எப்படிங்க போறது?"

அடுத்த வளைவிலிருந்து அவளே வாயால் "பாம் பாம்" என்று அடிக்க ஆரம்பித்தாள். பின்னால் வந்த ரேஸ் கார்களுக்கெல்லாம் ஓரங்கட்டி, கையைக் காட்டி வழிவிட்டாள். நண்பன் சோபாவிலிருந்து உருண்டு தரைக்கு வந்துவிட்டான். அத்தனை கார்களுக்கும் கடைசியாக வந்து சேர்ந்து, அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொண்டையைத் தடவிப் பார்த்தாள்.

"வரலங்க" என்றாள். பிறகு மெதுவாக, "ஓட்டுறவங்களுக்கு வராதோ?" என்றாள்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். எல்.எல்.ஆர். வந்ததும், சொல்லிக்கொடுப்பவரோடு ஹைவேயில் சிறுவாச்சூர் வரை போய்த் திரும்பினாள். குமட்டவே இல்லை. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. ரேஸ் விளையாட்டுக்கு ஹெட்செட் தேவையா என்று இப்போது என்னைக் கேட்டால், கட்டாயம் தேவை, ஆனால் அதை மாட்டிக்கொள்ள வேண்டியது நானில்லை என்பேன்.

வளைகாப்பன்று காரில் 'எல்' ஒட்டி, பட்டுப்புடவையோடு அவளே ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஒவ்வொரு சிமெண்ட் லாரிக்கும் சடன் பிரேக். அரியலூர் வருவதற்குள் எனக்கு வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டேஷ்போர்டுல பழம் இருக்கு" என்றாள்.

செந்துறையில் மாமியார் வழக்கம்போல் பாய் விரித்து வைத்திருந்தார். மகள் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்து, கையிலிருந்த தலையணையோடு வாசலுக்கே வந்துவிட்டார். அவள் பாயைத் தாண்டி நேராகத் தங்கையிடம் போனாள். நான் பாயில் விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கூடத்தில் வளையல் குலுங்குவதும், அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிப்பதும் காதில் விழுந்தன. பிறகு பந்தி பரிமாறும் சத்தம். அதற்கு நடுவே என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது.

"அம்மா, அந்த எலுமிச்சம்பழச் சோத்துல எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி வைம்மா."